மணல்வாரி போன பிறகு

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் நோயறையில் இப்போது ஒரு சின்னப் பெண் நர்ஸாக இருக்கிறாள். கொரோனா அடங்கிப் பள்ளிக்கூடங்கள் திறந்த வருடம் அவள் எனக்குப் போன் செய்தாள்.

“சிஸ்டர், காய்ச்சல் வந்து போன பிள்ளைங்களுக்கெல்லாம் முடி கொத்துக் கொத்தா கொட்டுதுங்க. தண்ணிய மாத்திப் பாத்தாச்சு. எண்ணெய மாத்திப் பாத்தாச்சு. பேரண்ட்ஸ் தெனமும் போன் பண்றாங்க.”

“நகத்தப் பாத்தியா கண்ணு?” என்றேன்.

“முடிங்க சிஸ்டர்,” என்றாள் அவள், எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு, சத்தமாக.

அவளிடம் போனில் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி வைத்துவிட்டேன். முழுதாகச் சொன்னால் என்னவென்று பிறகு தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன்.

சேலத்தில் மூன்று வருடம் நர்ஸ் படிப்பு படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார்கள், நின்றுகொண்டே தூங்க நானாகக் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் வேலை கிடைத்தது. எட்டுக் கட்டில் போட்ட ஒரு நோயறை, ஒரு மருந்து அலமாரி, ஒரு மேட்ரன், நான்.

மேட்ரன் பாக்கியம் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்துக்காரர். உயரமானவர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலை அவர் ஒருவகை ஒழுங்கீனமாகவே கருதினார் என்பது என் எண்ணம். யாராவது ஒரு பெண் வயிற்று வலி என்று வந்தால், “எப்படி இருக்கு?” என்று கேட்க மாட்டார். புறங்கையைக் கழுத்தில் வைப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், பிறகு கட்டிலையோ வகுப்பறையையோ கையால் காட்டுவார். அந்தப் பெண் சொல்ல நினைத்ததெல்லாம் அவளிடமே இருந்துவிடும்.

நான் சேர்ந்த புதிதில் சின்னம்மை வந்த ஒரு பெண் கொப்புளங்களைச் சொறிந்துகொண்டே இருந்தாள். மேட்ரன் முதலில் அவள் நகங்களை ஒட்ட வெட்டினார். அப்போதும் சொறிந்தாள். பள்ளிச் சீருடையின் வெள்ளைக் காலுறைகளை அவள் கைகளில் மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிட்டார். சோறு நான் ஊட்டினேன். முகத்தில் ஒரு வடு இல்லாமல் தேறினாள். அதற்கு முன் சொறிந்துவிட்ட மூக்கு நுனியில் மட்டும் ஒரு பள்ளம் தங்கியது. “இது நான் காலுறை போட லேட்டானது,” என்று மேட்ரன் அவள் அம்மாவிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்கும் தொனியில்லை. தகவல் சொல்லும் தொனி.

டாக்டர் ராமலிங்கம் வாரத்துக்கு இரண்டு முறை சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வந்து இறங்கியதும் நோயறை மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவரோடு பேசக்கூடாது. புதிதாக வந்த பெற்றோர் சிலர் அவரை நோயாளி என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கிறார்கள். அவரும் வாங்கி முகர்ந்துகொள்வார்.

இன்னொருவர் வெள்ளச்சி ஆயா. வாழவந்தி என்ற மலைக் கிராமத்திலிருந்து வருபவர். நாற்பது வயது இருக்கும். விடுதித் துணிகளுக்கும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் தலைக்கும் அவர்தான் பொறுப்பு. எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, அரப்புத் தூளைக் கரைத்துத் தேய்த்து அலசிவிடுவார். அரப்பு என்பது உசிலை இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள். எங்கள் பக்கத்தில் தலைக்கு அதுதான். அடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய மகள் இடித்து அனுப்புவாள். ஆயாவிடம் எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவார். அது மட்டும் அல்ல, கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். அதனால் அவருக்கு வந்த கஷ்டங்கள் அதிகம்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், பள்ளிக்குள் மணல்வாரி அம்மை நுழைந்தது. தட்டம்மை என்றும் சொல்வார்கள். முதலில் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் கண் சிவந்து, மூக்கு ஒழுக வந்தாள். மழையில் நனைந்தது என்றாள். மேட்ரன் டார்ச்சை அடித்து அவள் கன்னத்தின் உட்பக்கத்தைப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, சிவந்த தசையில், உப்புக்கல்லைப் பொடித்துத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள்.

“நாளைக்கு மேலுக்கு வரும்,” என்றார். அடுத்த நாள் காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கி முகம், கழுத்து, மார்பு என்று சிவப்பாக இறங்கியது.

அதன்பிறகு தினமும் காலைப் பலகாரத்துக்கு முன் எல்லாப் பெண்களும் வரிசையில் நின்று வாயைத் திறக்க வேண்டும். மேட்ரன் டார்ச்சோடு வரிசை நெடுகப் போவார். பச்சைப் பாவாடையும் இரட்டைப் பின்னலுமாக எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். வெளியே மூடுபனி. வாய்களிலிருந்தும் புகை போல ஆவி வரும்.

எட்டுக் கட்டில்கள் நிரம்பின. பக்கத்து விடுதிக் கூடத்தையும் நோயறையாக்கினோம். வெளிச்சம் கண்ணை உறுத்தும் என்று ஜன்னல்களுக்குத் திரை போட்டோம். ஆறவைத்த உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்களைத் துடைத்தோம். காய்ச்சல் ஏறினால் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைத் துடைத்தோம். கஞ்சி, மறுபடியும் கஞ்சி. காரில் வந்து அழைத்துப்போக வசதியுள்ள பெற்றோருக்கு உடனே வரச்சொல்லித் தந்தி போயிற்று. மூச்சு வாங்கிய ஒரு பெண்ணை டாக்டரே சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அது தெரிவதற்கு முந்தைய நாட்களில் மேட்ரன் எங்களிடம் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை.

ஆவணி பாதியில் எல்லாம் அடங்கியது. சிவப்பு மறைந்த இடம் பழுப்பாகி, தவிடு போலத் தோல் உரிந்தது. சீருடைக் கழுத்துப் பட்டைகளெல்லாம் மாவு கொட்டினாற்போல இருந்தன. அதுவும் போயிற்று. கெட்டுப்போன பாடங்களை நடத்த வேண்டும் என்று அந்த வருடம் காலாண்டு விடுமுறைக்கு யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. எங்கள் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

ஐப்பசியில் குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குழாய் வேலை செய்பவர் நீளக் கம்பியை விட்டு இழுத்தார். கறுப்பாக, கீரிப்பிள்ளை அளவுக்கு ஒன்று வந்தது. “ஏனுங்க சிஸ்டர், பிள்ளைங்க தலையில ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். சீப்பில் வருகிறது, தலையணையில் கிடக்கிறது, பின்னலை அவிழ்த்தால் கையோடு வருகிறது. பயத்தில் தலை சீவுவதையே நிறுத்தியவர்களும் இருந்தார்கள். பிள்ளைகள் விழுந்த முடியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். டாக்டர் ஒட்டவைப்பார் என்று ஒருத்தி சொன்னாள்.

மேட்ரன் ஆயாவை அழைத்தார்.

“பிள்ளைகளுக்குத் தலையில என்னத்தத் தேய்க்குத?”

“எப்பவும் போல அரப்புத்தானுங்க.”

“புதுசா ஏதும் கலந்தியா?”

“இல்லீங்க. ஆனா முடி கொட்டறது அதனால இல்லீங்க மேட்ரம்மா. அம்மா வந்து எறங்கியிருக்கறா. வேப்பந்தழையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்தி, மொறையா அனுப்பியுட்டிருக்கோணுமுங்க. நாம ஆரும் அனுப்பல. அவ முடியப் புடிச்சு இழுத்துட்டுப் போறா. நாந்தான் உங்களுக்குத் தெரியாம தலைமாட்டுல ஒரு கொத்துத் தழை சொருகி வெச்சேன். அது பத்தலீங்க.”

தழை சொருகியது அதுவரை யாருக்கும் தெரியாது. மேட்ரன் கையால் கதவைக் காட்டினார். “போ,” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயா விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். மாரியம்மன் கோயிலில் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டு மொட்டையடித்துக்கொண்டார். அதை யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கும் நாள். பெரிய வாசலில் கார்கள் வந்து நின்றன. எலிவால் போல மெலிந்த பின்னல்களோடு பெண்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழவழவென்ற தலையோடு, சந்தனம் பூசிய வெள்ளச்சி ஆயா வந்தார்.

“இதுதான் கடைசி கட்டம் போலிருக்குதுங்க,” என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் பிரின்சிபால் அறையில் உட்கார இடமில்லை. எல்லாரையும்விடக் கோபமாக இருந்தவர் மாலதியின் அப்பா. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். மாலதி ஏழாம் வகுப்பு. இடுப்புவரை முடி இருந்த பெண். இப்போது கழுத்துக்கு மேலே மண்டை வெளுத்துத் தெரிந்தது. கொங்குச் சீமையில் கோபத்துக்கும் ‘ங்க’ உண்டு. “என்னுங்க நெனச்சுட்டிருக்கறீங்க? தழையும் தூளும் போடறதுக்குத்தானுங்களா இவ்வளவு தூரம் மேல கொண்டாந்து உட்டிருக்கறோம்? அந்தப் பொம்பளைய நிறுத்துங்க. இல்லீன்னா நான் போலீசுக்குப் போறனுங்க,” என்றார். அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆயாவை நிறுத்தினால் அவருக்கு வேறு வேலை கிடைக்காது. குழந்தைகளின் தலையைக் கெடுத்தவள் என்ற பெயரோடு எந்த எஸ்டேட்டிலும் பங்களா வேலைக்குக்கூட எடுக்கமாட்டார்கள். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டு, “முடி வந்துருமுங்க சிஸ்டர், வேண்டியிருக்கறேன்,” என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

டாக்டர் செவ்வாய்க்கிழமை வந்தார். வழக்கம் போல மேசையில் முழங்கையை ஊன்றித் தலையைத் தொங்கப் போட்டார். முடி கொட்டும் ஒரு பெண்ணை நான் அவசரப்பட்டு அப்போதே அவர் எதிரில் உட்கார வைத்துவிட்டேன். அவளும் பயந்துபோய் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொங்கிய தலைக்கு நேர் கீழே அந்தக் கைகள்தான் இருந்தன. டாக்டர் வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரை மணி ஆவதற்குள்ளேயே நிமிர்ந்தார். அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

“இவளுக்கு மணல்வாரி வந்ததா?”

“வந்தது டாக்டர்.”

“வந்த மத்தவங்களையும் கூப்பிடுங்க. தலை வேண்டாம். கை போதும்.”

ஆடியில் நோயறையில் படுத்திருந்த பெண்கள் எல்லாரும் வந்து கைகளை நீட்டினார்கள். ஜன்னலோரம் நிறுத்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி விரலைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார் டாக்டர். அப்போதுதான் தெரிந்தது. நகத்தின் நடுவில், குறுக்காக ஒரு பள்ளம். உழவுச் சால் போல மெல்லியது. கட்டைவிரலில் நன்றாகவும் மற்ற விரல்களில் லேசாகவும் இருந்தது. ஒவ்வொருத்திக்கும் ஏறக்குறைய அதே உயரத்தில். அம்மை வராத இரண்டு மூன்று பேரை அழைத்துப் பார்த்தோம். அவர்கள் நகம் வழவழவென்று இருந்தது.

டாக்டர் எங்களுக்கு விளக்கினார். பலமான காய்ச்சல் அடிக்கும்போது உடம்பு வேறு வேலைகளை நிறுத்திவைக்கிறது. நகம் வளர்வது அந்த நாட்களில் தடைப்படுகிறது. காய்ச்சல் விட்டதும் மறுபடி வளர்கிறது. தடைப்பட்ட இடம்தான் பள்ளம். நகம் வளர வளர அதுவும் மேலேறும். முடி வேர்களும் அதே சமயத்தில் தூங்கிப்போகின்றன. ஆனால் தூங்கிய முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, அடியில் புதுமுடி முளைத்துத் தள்ளும்போது விழும். அதனால்தான் காய்ச்சலை எல்லாரும் மறந்துபோன பிறகு முடி கொட்டுகிறது.

“அப்போ கொட்டுறது நல்லதுக்கா?” என்றார் மேட்ரன்.

“விழறது பழசு. புதுசு கீழே வந்தாச்சு. ஒண்ணும் செய்ய வேண்டாம்,” என்றார் டாக்டர். ஒன்றும் செய்யாமல் இருப்பதை எப்படிச் செய்வது என்று மேட்ரன் யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மாலதியின் அப்பா சொன்னபடி அடுத்த வாரம், டாக்டர் வந்திருந்த ஒரு நாள் காலையில் வந்தார். பிரின்சிபால் அறையில் அவர், பிரின்சிபால், டாக்டர், மேட்ரன், ஓரமாக நான். வாசலுக்கு வெளியே ஆயா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். டாக்டர் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். மாலதியின் அப்பா பொறுமையாகக் கேட்டார். வியாபாரிகள் நன்றாகக் கேட்பார்கள்.

“சரிங்க டாக்டர். அம்மை வந்ததாலதான் முடி கொட்டுதுன்னு சொல்றீங்க. எம்பொண்ணுக்குத்தான் அம்மையே வரலீங்களே? உங்ககிட்டயிருந்து எனக்குத் தந்தியும் வரல, ஒண்ணும் வரல. அப்பறம் எப்படிங்க கொட்டுது? தூளாலதானுங்க?”

டாக்டர் மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் என்னைப் பார்த்தார். மாலதி நோயறையில் படுக்கவில்லை என்பது உண்மை. அவளுக்கு நான் ஒரு மாத்திரைகூடக் கொடுத்ததில்லை.

“பிள்ளையக் கூப்பிடுங்க,” என்றார் டாக்டர்.

மாலதி வந்தாள். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. விடுதியில் ஒரு வாரமாக எல்லாப் பெண்களும் ஒருத்தி நகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

“கையக் காட்டு கண்ணு,” என்றார் டாக்டர். அவள் அசையவில்லை.

“கை,” என்றார் மேட்ரன்.

நீட்டினாள். நான்தான் அந்தக் கையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. கட்டைவிரல் நகத்தின் நடுவில் பள்ளம். மற்ற பெண்களுக்கு இருந்ததைவிட ஆழமாக இருந்தது.

“நகத்துல கோடு எல்லாருக்குந்தானுங்க இருக்கும்,” என்று அவள் அப்பா தன் நகங்களைப் பார்த்தார். பிரின்சிபாலும் தன் நகங்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த அறையில் கோடு இருந்த நகங்கள் மாலதியுடையவை மட்டும்தான்.

“உனக்கு எப்ப காய்ச்சல் வந்தது?” என்றார் டாக்டர். மாலதி வாசலைப் பார்த்தாள்.

வாசலிலிருந்து ஆயா உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. “ஆடியில வந்ததுங்க சாமி. நாந்தான் வெச்சிருந்தேன்.”

“எங்க வச்சிருந்த?” என்றார் மேட்ரன்.

“துணி ரூம்புலங்க. பெட்சீட்டு மூட்டைக்குப் பின்னால பாய் போட்டு.”

அந்தக் குழப்பத்தில் அவள் நோயறையில் இருப்பதாக வகுப்பில் நினைத்திருக்கிறார்கள். அவள் எங்கே என்று நோயறையில் நாங்கள் நினைக்கவே இல்லை. எங்களிடம் இருந்தவர்களையே நினைக்க நேரம் போதவில்லை. காய்ச்சல் தொடங்கிய நாட்களில், காலை வரிசையில் மேட்ரன் தன்னிடம் வருவதற்குள், பார்த்து முடித்தவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருக்கிறாள். மூச்சு வாங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோன பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது.

“பிள்ள செத்திருந்தா?” என்று மேட்ரன் ஆயாவிடம் கேட்டார். குரல் உயரவில்லை.

ஆயா தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “நொம்ப அழுதுச்சுங்க. சிஸ்டர்கிட்டச் சொன்னா ஊட்டுக்கு அனுப்பியுட்ருவாங்க, ஊட்டுக்குப் போகக்கூடாதுன்னு காலப் புடிச்சுக்கிச்சு. ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிச்சு. எனக்கு மனசு கேக்கலீங்க,” என்றார்.

“எதுக்குடா ஊட்டுக்கு வரக்கூடாது?” என்று அப்பா மகளிடம் கேட்டார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

மாலதி அவரைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தன் விரலைப் பார்த்துச் சொன்னாள். “நீங்கதான சொன்னீங்கப்பா. ஆனி மாசம் வந்தப்ப. ஊட்டுல தம்பி பொறந்திருக்கறான், அங்கிருந்து நோவு கீவு எதையும் ஒட்டிக்கிட்டு வந்துராதேன்னு.”

பிரின்சிபால் மேசைமேல் இருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். அவை முன்பே ஒழுங்காகத்தான் இருந்தன. மாலதியின் அப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “டிரைவர் காத்துட்டிருப்பானுங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஆயாவை நிறுத்தச் சொல்லி அவர் பிறகு கேட்கவில்லை.

அன்று மத்தியானம் மேட்ரன் என்னையும் ஆயாவையும் அழைத்துக்கொண்டு துணி அறைக்குப் போனார். பாய் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். கண்ணை எதால் துடைத்தாய், என்ன குடிக்கக் கொடுத்தாய், மூச்சு எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆயா வேப்பந்தழையையும் இளநீரையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார். மேட்ரன் மேலே பார்த்தார். அந்த அறையின் ஒரே ஜன்னலில் பழைய போர்வை ஒன்று ஆணியடித்து மாட்டியிருந்தது.

“வெளிச்சத்த மறைச்சிருக்கா,” என்று என்னிடம் சொன்னார். பிறகு ஆயாவிடம், “நாளையிலருந்து உனக்கு இங்க வேலை கிடையாது. தண்டனை. நோயறைக்கு வந்துரு. என் கண்ணு முன்னாலேயே இருக்கணும்,” என்றார்.

அந்தத் தண்டனையை ஆயா பதினைந்து வருடத்துக்கு மேல் அனுபவித்தார். மேட்ரன் ஓய்வு பெற்றுப்போன பிறகும், நான் அந்த நாற்காலிக்கு வந்த பிறகும் அவர் நோயறையில்தான் இருந்தார். காய்ச்சலை மறைக்கிற பெண்ணை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவளிடம் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “ஊட்டுல என்ன சாமி?”

பெற்றோரின் மனநிறைவுக்காக அரப்பை மட்டும் நிறுத்தினார்கள். சேலத்திலிருந்து பெரிய பாட்டில்களில் ஷாம்பூ வந்தது. கார்த்திகையில் பெண்களின் மண்டையில் குட்டிக் குட்டியாக முடி நட்டுக்கொண்டு நின்றது. சீவினால் படியாது. வெயிலில் பார்த்தால் தலையைச் சுற்றிப் புகை போலத் தெரியும். ஷாம்பூ நல்ல ஷாம்பூ என்று பெற்றோர் அதன் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். மாரியம்மனுக்கு ஆயா பொங்கல் வைத்தார். டாக்டருக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. அவர் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதானே சொல்லியிருந்தார்.

மார்கழி விடுமுறைக்கு மாலதியை அழைத்துப்போக அப்பாவோடு அம்மாவும் வந்தார், கைக்குழந்தையோடு. ஊருக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணையும் நோயறையில் பார்த்துத்தான் அனுப்புவோம் என்பதால் எல்லாரும் அங்கே வந்தார்கள். அந்த அம்மா மகளின் தலையைத் தடவி, “தண்ணி ஒத்துக்கலன்னு அப்பா சொன்னாங்க,” என்றார். அங்கே பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த ஆயாவுக்கு அது தவறான தகவலாகப் பட்டது.

“தண்ணி இல்லீங்கம்மா, மணல்வாரி. ஊட்டுக்கு வரவேண்டாம்னு சொல்லியிருந்தாங்களாமா, அதனால துணி ரூம்புல வெச்சிருந்தேன். நொம்ப முடியாமத்தான் கெடந்துச்சு. உங்களத்தான் கூப்புட்டுட்டே கெடந்துச்சுங்க.”

அந்த அம்மா கணவரைப் பார்க்கவில்லை. குழந்தையை அவர் கையில் கொடுத்தார். “எந்த ரூம்புங்க?” என்று ஆயாவைக் கேட்டார். மூவரும் நடைவழியில் போனார்கள். துணி அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மாலதியின் அப்பா குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். குழந்தை அவர் சட்டையை நனைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு பெண் அழும் குரல் கேட்டது. அது அம்மாவா மகளா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் மேட்ரனைப் பார்த்து, “நான் என்ன நெனச்சு அப்படிச் சொன்னன்னாங்க…” என்று ஆரம்பித்தார்.

மேட்ரன் தெர்மாமீட்டரை எடுத்து உதறி, அவர் நாக்குக்கு அடியில் வைத்தார். “வாய மூடிக்கிடணும்,” என்றார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான நேரம் கடந்தது. அவர் எடுக்கவில்லை. குழந்தை தெர்மாமீட்டரைப் பிடிக்கக் கையை நீட்டியது. மாலதியின் அப்பா கண் கலங்கி, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துணி அறைக் கதவு திறந்தது. மாலதி முன்னால் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். படியாத முடியை யாரோ தண்ணீர் தொட்டுச் சீவிவிட்டிருந்தார்கள். பெஞ்சின் முன் வந்து நின்று, கைகளை நீட்டித் தம்பியை வாங்கிக்கொண்டாள்.

மேட்ரன் தெர்மாமீட்டரை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்ல,” என்றார் அவரிடம். “நீங்க வீட்டுக்குப் போலாம்.”